இரண்டு பூனைக்கு மாதம் நாலாயிரம்: எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது

2 ஜூன் 2024 | இருபூனைவீடு

இரண்டு நாட்டுப்பூனை. ஒரு கடுவன், ஒரு பெட்டை. ஒன்றரை வயசு, ஆளுக்கு நாலு கிலோ. மாதச் செலவு நாலாயிரத்தைத் தாண்டுகிறது: உலர் தீனி 1,400, பவுச் (சின்னப் பையில் வரும் ஈரத் தீனி) 1,300, மணல் 1,200, மீதி சில்லறை. பேசாமல் தயிர்ச்சோறும் மீன் தலையும் போட்டு வளர்த்தால் என்ன? பாட்டி காலத்துப் பூனைகள் அப்படித்தானே வளர்ந்தன?

2 ஜூன் | சாம்பல்வால்

பாட்டி காலத்துப் பூனை எலி, ஓணான், பல்லி, அணில் என்று ஊரெல்லாம் மேய்ந்து வயிற்றை நிரப்பியது. சோறு அதற்கு மேல்வரும்படி. மூன்றாம் மாடியில் அடைபட்ட பூனைக்கு நீங்கள் மேல்வரும்படியை மட்டும் கொடுத்துச் சம்பளத்தை நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

பூனைக்குச் சோறு செரிக்காது என்பதில்லை. வெந்த மாவுச்சத்து ஓரளவு செரிக்கும். சிக்கல் டாரின் என்ற சத்து. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு செய்ய முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-ல் தெரிந்தது, இதயத் தசை வீங்கித் தளரும் என்று 1987-ல் தெரிந்தது. இரண்டும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்கிற கோளாறு. பூனை தடவித் தடவி நடக்கிறபோதுதான் நமக்கு உறைக்கும். நாய்த் தீனி மலிவு என்று அதைப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்: அதில் பூனையின் டாரின் தேவைக்குக் கணக்கே கிடையாது.

பாலும் தயிரும்: வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் கழியும். மிச்சம் பிடித்த காசு மணல் தட்டில் போகும்.

3 ஜூன் | சாம்பல்வால்

நேற்று எது கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டேன். இன்று கணக்கு.

மூட்டை விலையைப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பூனைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கருத்தடை ஆன, வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாலு கிலோ பூனைக்கு நாளுக்கு 200 கலோரி சுற்றுவட்டம். பை மீது கலோரி போட்டிருக்காவிட்டால் பின்பக்கப் பட்டியலிலிருந்து எடுக்கலாம்: புரதம், கொழுப்பு, நார், ஈரம் நான்கும் சதவீதத்தில் இருக்கும். சாம்பல் சத்து போடாவிட்டால் 8 என்று வையுங்கள். எல்லாவற்றையும் 100-லிருந்து கழித்தால் மாவுச்சத்து. புரதத்தை 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும், மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கலோரி.

கிலோ 350 ரூபாய் தீனி ஒன்று: புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. மாவுச்சத்து 38. கலோரி 105 + 85 + 133 = 323. இருநூறு கலோரிக்கு 62 கிராம், 21 ரூபாய் 70 காசு.

கிலோ 600 ரூபாய் தீனி ஒன்று: புரதம் 34, கொழுப்பு 16, நார் 3, ஈரம் 8, சாம்பல் 8. மாவுச்சத்து 31. கலோரி சுமார் 364. இருநூறுக்கு 55 கிராம், 33 ரூபாய்.

கடையில் 71 சதவீதம் கூடுதலாகத் தெரிவது கிண்ணத்தில் 52 சதவீதமாக இறங்குகிறது. அப்படியும் மலிவானது மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இதைப் போடும்போது கழிவு அதிகம், மணல் சீக்கிரம் தீரும். அதை யாரும் தீனிக் கணக்கில் எழுதுவதில்லை.

3 ஜூன் | மூன்றாம்மாடி

இவ்வளவு கணக்குப் போட்டால் பூனையே எழுந்து வேறு வீடு பார்த்துக்கொள்ளும்.

3 ஜூன் | சாம்பல்வால்

போகாது. 62 கிராம் எங்கே கிடைக்கிறது என்று அதற்குத் தெரியும்.

தராசு வாங்குங்கள், சமையலறைத் தராசு. டம்ளர் கணக்குத்தான் பணத்தைத் தின்கிறது. 200 மி.லி. டம்ளர் தலைதட்டினால் ஏறத்தாழ 80 கிராம் தீனி. குவித்தால் நூறைத் தொடும். நாளுக்கு 10 கிராம் கை தவறினால் ஆண்டுக்கு 3.65 கிலோ. அதாவது இரண்டு மாதத் தீனி, கொழுப்பாகப் பூனையின் வயிற்றில் தொங்கும். காலையிலேயே நாள் முழுக்குக்கும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, யார் போட்டாலும் அதிலிருந்துதான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். "நான் போடவே இல்லை, பசிக்குதுன்னு கத்துது" என்று மூன்று பேர் மூன்று முறை போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்து.

6 ஜூன் | கடலோரம்

தீனிக் கடையில் லூஸில் கிலோ 180-க்குத் தருகிறார்களே, எடுக்கலாமா?

6 ஜூன் | சாம்பல்வால்

கூடாது. எந்த மூட்டை, எப்போது திறந்தது, காலாவதி எப்போது என்று ஒன்றும் தெரியாது. உருண்டையின் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு நம் ஊர் வெக்கையில் சிக்கு அடிக்கும். மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாடை வரும். நமக்கு வருவதற்கு முன்பே பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பெரிய மூட்டை மலிவு என்பது உண்மை. அளவை இப்படி முடிவு செய்யுங்கள்: திறந்த பிறகு ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். இரண்டு பூனைக்கு நாளுக்கு 120 கிராம் என்றால் 42 நாளுக்கு 5 கிலோ. ஏழு கிலோ மூட்டை உங்களுக்குப் பெரிது. இன்னொரு பூனை வீட்டோடு பங்கு போட்டால் சரியாக வரும். டின்னில் கொட்டி வைக்காதீர்கள். பையோடு சுருட்டி, கிளிப் போட்டு, பையையே டின்னுக்குள் இறக்குங்கள். கொட்டினால் டின்னின் சுவரில் பழைய கொழுப்பு ஒட்டி, அடுத்த மூட்டையையும் கெடுக்கும்.

9 ஜூன் | சாம்பல்வால்

பவுச். மாதம் 1,300 இதில் போகிறது, எனவே பெரிய வெட்டு இங்கேதான். எண்பது கிராம் பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கலோரி 70-80 தான். பவுச்சாலேயே வயிற்றை நிரப்ப வேண்டுமானால் ஒரு பூனைக்கு நாளுக்கு மூன்று. பவுச்சில் நீங்கள் வாங்குவது தண்ணீரும் வாசனையும். தண்ணீர் வீட்டிலேயே இருக்கிறது.

கால் பவுச் எடுத்து, ஐந்து மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, உலர் தீனி மேல் ஊற்றுங்கள். பூனை முதலில் குழம்பை நக்கும், அதுதான் வேண்டும். மீதியை எவர்சில்வர் டப்பாவில் மூடி குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள். மூன்றாம் நாள் வேண்டாம். நனைத்த தீனி வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, புளிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பவுச்சை அடியோடு நிறுத்திவிட்டு வெறும் உலர் தீனிக்குப் போகாதீர்கள், அதுவும் கடுவனுக்கு. பூனை தானாகத் தேடிக் குடிப்பது குறைவு. சிறுநீர் கெட்டியாகிப் படிகம் சேர்ந்து கடுவனின் குறுகிய குழாயை அடைத்துக்கொண்டால், தட்டில் போய்ப் போய் முக்கும், சொட்டு வராது. அது ஒரே நாளில் உயிருக்கு வரும் ஆபத்து. இரவு என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குழாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு மூன்று நாள் படுக்க வைத்தால் ஓராண்டுப் பவுச் செலவு போய்விடும். எனவே தண்ணீரில் கஞ்சத்தனம் கிடையாது. வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் அகலமான மண்சட்டி, தினம் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர். தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், தள்ளி வையுங்கள்.

9 ஜூன் | கடலோரம்

மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. காரப்பொடி, மத்தி, நெத்திலி எல்லாம் இங்கே சல்லிசு.

10 ஜூன் | சாம்பல்வால்

மீன் நல்லதுதான், வாரத்துக்கு இரண்டு நாள், உலர் தீனிக்குப் பக்கவாத்தியமாக. வேகவைத்து மட்டும். சில மீன்களில், நெத்திலி வகையில் குறிப்பாக, பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வெந்தால் போய்விடும். பச்சை மீனிலேயே வளர்ந்த பூனை தலை தொங்கித் தள்ளாடுவது அதனால்தான். தினமும் மத்தி மாதிரி எண்ணெய் மீனாகவே போட்டால் வைட்டமின் ஈ தீர்ந்து, தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி மஞ்சளாகி, தொட்டாலே கத்தும். மீனைக் கழுவி, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல், மூழ்கும் அளவுத் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரையும் ஊற்றுங்கள். டாரின் பாதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும்.

குழம்பு மீனைக் கழுவிப் போடுவது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினால் சாறு போகாது. கருவாட்டில் உப்பு. கருவாட்டுத் தலைக்காகப் பூனை உங்கள் காலைச் சுற்றும், தெரியும், இருந்தாலும் வேண்டாம்.

11 ஜூன் | மூன்றாம்மாடி

கறிக்கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி அவித்துப் போடலாமா? கழுத்து, ஈரல், இதயம், கந்தனக்காய்?

11 ஜூன் | சாம்பல்வால்

பணம் மிச்சமாவது இங்கேதான். பாதித் தீனி, பாதி அவித்த கறி என்று வைத்தால் செலவு நன்றாகவே குறையும்.

இதயம்: எவ்வளவு கிடைக்கிறதோ வாங்குங்கள், டாரின் அதிகம். கந்தனக்காய்: நல்லது, பொடியாக வெட்ட வேண்டும். ஈரல்: பூனைக்கு உயிர், ஆனால் வைட்டமின் ஏ உடம்பிலேயே தங்கும். மாதக்கணக்கில் தினமும் போட்டால் கழுத்தெலும்பு ஒட்டி இறுகிவிடும். வாரம் ஒரு முறை, பெருவிரல் அளவு.

கழுத்து: அவித்த கோழி எலும்பு கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும், அப்படியே போடக் கூடாது. குக்கரில் கழுத்து மூழ்கத் தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பிறகு தீயைச் சிம்மில் வைத்து 45 நிமிடம். ஆறியதும் எலும்பை இரண்டு விரலால் நசுக்கினால் சுண்ணாம்பு மாதிரிக் குழைய வேண்டும். குழையாவிட்டால் இன்னொரு 15 நிமிடம். பிறகு மத்தால் கடைந்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். கலவையில் கழுத்து நாலில் ஒரு பங்குக்கு மேல் போனால் மலம் வெள்ளையாகிக் கல்லு மாதிரி வரும், மலச்சிக்கல்.

14 ஜூன் | மருந்துச்சீட்டு

மேலே "பாதித் தீனி, பாதி கறி" என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகமிகக் குறைவு. பாதி வயிறு தினமும் அதனால் நிரம்பினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். குட்டிகளுக்கு இது வேகமாக நடக்கும். கட்டிலிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் முறிந்தது என்று கொண்டுவருகிறவர்களில் பலர் "வெறும் சிக்கன் தாங்க போடுறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆறு மாதம் ஆகாத குட்டிக்கு வீட்டுக் கறி முழுநேர உணவு ஆகவே கூடாது, குட்டித் தீனிதான்.

15 ஜூன் | சாம்பல்வால்

ஒப்புக்கொள்கிறேன், பாதி என்றது அவசரம். திருத்தியது இது: வாரத்தில் இரண்டு வேளை கறி என்றால் எதுவும் சேர்க்க வேண்டாம். அதற்கு மேல் போனால், எலும்பில்லாத பச்சைக் கறி ஒரு கிலோவுக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், முட்டை ஓட்டுத் தூள். அதில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம். ஓட்டைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்துச் சல்லடையில் சலிக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் பூனை தின்னாது. கழுத்தெலும்பு குழைத்துப் போடும் கலவைக்கு ஓட்டுத் தூள் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் கூடிப்போகும்.

அப்படிச் சேர்த்தாலும் அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் விடுபடும். எனவே கறி எவ்வளவு போனாலும் மொத்தக் கலோரியில் நாலில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மருந்துச்சீட்டு இதற்கும் ஏதாவது சொல்வார், காத்திருக்கிறேன்.

15 ஜூன் | மருந்துச்சீட்டு

பத்தில் ஒரு பங்கு என்பதுதான் எங்கள் வாய்ப்பாடு. நாலில் ஒரு பங்கு, ஓட்டுத் தூளோடு, வளர்ந்த பூனைக்கு என்றால் சண்டை போட மாட்டேன். முட்டை ஓடு வீணாகாமல் போவதில் வீட்டம்மாவுக்கும் சந்தோஷம்.

22 ஜூன் | இருபூனைவீடு

சரி, மணலுக்கு வாங்க. 1,200.

22 ஜூன் | சாம்பல்வால்

முதலில் களிமண் மணல், கட்டியாகும் வகை. அதை மாற்றாமலே குறைக்கலாம். 40-க்கு 30 செ.மீ. தட்டில் 5 கிலோ பை நாலைந்து செ.மீ. உயரம் நிற்கும், அந்த உயரம் வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு செ.மீ. பரப்பினால் சிறுநீர் அடியில் போய்த் தட்டோடு ஒட்டும், சுரண்டும்போது கட்டி உடைந்து நல்ல மணலும் கெடும், வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கொட்ட வேண்டி வரும். உயரமாக நிரப்பி, தினம் இரண்டு முறை அள்ளி, அள்ளிய அளவுக்கு மட்டும் மேலே சேர்த்தால் முழு மாற்றல் மாதம் ஒன்றுதான். தாராளமாகக் கொட்டினால்தான் சிக்கனம்.

தட்டுக்குக் கடைப்பெட்டி எதற்கு? கொத்தனார் பாண்டு சட்டி வட்டமாக இருப்பதால் மூலையில் ஒட்டாது, அடி கனம், சாயாது. பெரிய பூனைக்குப் போதாது என்றால் துணி போடும் அகலமான டப், ஒரு பக்கம் மட்டும் 12 செ.மீ. உயரத்துக்கு அறுத்து வாசல். அறுத்த விளிம்பைத் தீயில் லேசாகக் காட்டி மழுக்குங்கள். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது பொது விதி. சட்டி மலிவு என்பதால் இதில் சாக்குச் சொல்ல முடியாது. அள்ள ஜல்லிக்கரண்டி போதும். எந்தக் கரண்டி எதற்கு என்று வண்ண டேப் சுற்றிவிடுங்கள், பூரி சுடுகிற நாளில் குழப்பம் வேண்டாம்.

23 ஜூன் | மூன்றாம்மாடி

பூரி போடும் ஆசையே போச்சு.

ஜல்லிக்கரண்டியின் ஓட்டை சின்னது, மணல் இறங்காமல் கரண்டியோடு வருகிறது. ஆணியைக் காய்ச்சிப் பிளாஸ்டிக் கரண்டியில் 8 மி.மீ. ஓட்டை போட்டால் சரியாக இருக்கிறது.

23 ஜூன் | சாம்பல்வால்

சரியான திருத்தம். நான் சொன்னது கட்டியாகாத மணலுக்குத்தான் எடுபடும்.

மாற்று மணல்கள், நம் ஊரில் கிடைக்கிறவை:

தென்னை நார்த்தூள். நர்சரியில் 5 கிலோ கட்டியாகக் கிடைக்கும். செடிக்குப் போல முழுத் தண்ணீர் விட்டால் 70 லிட்டர் வரை பொங்கும், ஆனால் ஈரமாக இருந்து பயனில்லை. ஐந்து லிட்டர் மட்டும் தெளித்து, ஓர் இரவு வைத்து, உதிர்த்து, மொட்டைமாடியில் ஒரு நாள் காயவைத்து மூட்டையில் கட்டுங்கள். வாடையை நன்றாக அடக்கும். கட்டியாகாது, எனவே மலத்தை அள்ளி, ஈரத்தைக் கிளறி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். காலில் ஒட்டி வீடெல்லாம் பழுப்புத் தடம். தட்டுக்கு முன்னால் கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டால் பாதி அதில் விழும்.

மரத்தூள். அறுவை மில் தூள் மிக நைசு, பூனை தும்மும், நமக்கும் இருமல். தச்சுப்பட்டறையின் இழைப்புச் சீவல் பரவாயில்லை. பிளைவுட், எம்.டி.எஃப். அறுக்கிற இடத்துத் தூள் வேண்டாம், பசை இருக்கும்.

ஆற்று மணல் கிடைத்தால் ராஜா, கிடைக்காது. எம்-சாண்டில் தூசி. கழுவிக் காயவைத்தால் ஓடும், கனம்தான். அடுப்புச் சாம்பல் கூடவே கூடாது, ஈரம் பட்டால் காரமாகி உள்ளங்காலைப் புண்ணாக்கும்.

எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாறாதீர்கள். மூன்று தட்டில் ஒன்றில் மட்டும் புதுசு. பத்து நாளில் அந்தத் தட்டுக்குப் போகிறதா பாருங்கள். போகாவிட்டால் மெத்தையில் போகும். மெத்தை விலை தெரியும்தானே.

25 ஜூன் | மருந்துச்சீட்டு

கழிவை எங்கே கொட்டுவது என்று யாரும் பேசவில்லை. கழிப்பறையில் களிமண் மணலைக் கொட்டினால் குழாயில் சிமெண்ட் மாதிரி இறுகும், பிளம்பர் கூலி தனி. நார்த்தூளும் மரத்தூளும் உரமாகும் என்று கீரைப்பாத்தியில் போடாதீர்கள். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செம்பருத்திக்கோ நந்தியாவட்டைக்கோ போடலாம். புது மலத்திலுள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் பிடிக்கும், தினம் அள்ளினால் ஆபத்து வெகுவாகக் குறையும். கர்ப்பிணிகள் தட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

தட்டையும் தரையையும் பினாயில் போட்டுக் கழுவாதீர்கள். பினால் வகை எதையும் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது. காலில் ஒட்டியதை நக்கும். சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். பிளீச்சிங் போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் சிறுநீரை நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

30 ஜூன் | கடலோரம்

எறும்பு! கிண்ணத்தில் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. கொட்டுகிற தீனியில் பாதி எறும்புக்குத்தான்.

30 ஜூன் | மூன்றாம்மாடி

தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணம். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் எறும்பு நீந்தாமல் மூழ்கும்.

30 ஜூன் | சாம்பல்வால்

சோப்பு வேண்டாம், பூனை அந்த அகழித் தண்ணீரைத்தான் முதலில் குடிக்கும். அதற்குப் பதில் அகலத்தைக் கூட்டுங்கள்: கிண்ணத்துக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையில் எல்லாப் பக்கமும் 3 செ.மீ. தண்ணீர். தினம் மாற்றினால் தூசி படலம் விழாது. படலம் விழுந்தால் எறும்பு அதன் மேல் நடந்தே வந்துவிடும். கிண்ணம் சுவரைத் தொடக் கூடாது. எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள். அதிலுள்ள பைரித்திராய்டு மருந்து பூனைக்கு நரம்பைப் பிடிக்கும். அலமாரிக்குள் பாச்சை உருண்டையும் வேண்டாம், அதுவும் விஷம், கைக்கெட்டாத இடம் என்று பூனைக்குக் கிடையாது.

7 ஜூலை | இருபூனைவீடு

கருத்தடை இன்னும் செய்யவில்லை. பெட்டை வெளியே போவதில்லையே, அந்தச் செலவைத் தள்ளிப்போடலாமா?

7 ஜூலை | சாம்பல்வால்

ஒரே வீட்டில் கடுவனும் பெட்டையும், இரண்டும் கருத்தடை ஆகாமல். இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் தராசுக் கதையெல்லாம் எழுதியிருக்கவே மாட்டேன்.

சினைக்காலம் 63-லிருந்து 65 நாள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். ஒரு ஈற்றுக்கு நாலு குட்டி, அவற்றுக்குக் குட்டித் தீனி, பூச்சி மருந்து, தடுப்பூசி. நீங்கள் மணலில் மிச்சம் பிடிப்பது இதன் முன் தூசு.

முதலில் கடுவனைக் கொண்டுபோங்கள். வயிற்றைத் திறக்க வேண்டாம் என்பதால் செலவும் குறைவு, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் அறுவைக்குப் பிறகும் சில வாரம் விந்து மிச்சமிருக்கும், நாலைந்து வாரம் பிரித்து வையுங்கள்.

7 ஜூலை | மருந்துச்சீட்டு

எங்கே செய்வது: தனியார் மருத்துவமனைக்கு முன் அரசு கால்நடை மருத்துவமனையிலோ பன்முக மருத்துவமனையிலோ கேளுங்கள். எல்லா மருந்தகத்திலும் பூனைக்கு மயக்கம் கொடுக்க வசதி இருக்காது, நேரில் கேட்டு நாள் வாங்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ள ஊர் என்றால் இன்னும் நல்லது: சென்னையில் வேப்பேரி, அது 1903-லிருந்து இருக்கிற கல்லூரி, பிறகு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். முந்தைய இரவிலிருந்து உணவு வேண்டாம், தண்ணீரைக் காலையில் எடுத்துவிடலாம்.

தையலை நக்காமலிருக்கப் போடும் கழுத்து வளையத்துக்குப் பதில் பெட்டைக்குப் பழைய முழுக்கை பனியனின் கை. மணிக்கட்டுப் பக்கம் கழுத்துக்கு. நாலு காலுக்கு நாலு ஓட்டை. பின்பக்கம் வால் அடியில் நிற்கும்படி வெட்டுங்கள், நனையக் கூடாது. பத்து நாள், தினம் மாற்ற மூன்று கை வேண்டும். ஆக, ஒன்றரை பனியன்.

அறுவைக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும். தீனியில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும்.

14 ஜூலை | சாம்பல்வால்

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும். கடைச் சீப்பு வேண்டாம், வீட்டுப் பேன் சீப்போ ஈர்வலியோ அதே வேலை செய்யும். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம். வாலடியிலும் தாடையடியிலும் சீவி, வந்ததை உடனே தண்ணீரில் தட்டுங்கள். கறுப்புத் துகள் வந்தால் ஈரப் பஞ்சில் தேயுங்கள். சிவப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம். பூனை மேல் தெரிவது கொஞ்சம்தான், முட்டையும் புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருக்கும். விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டு உச்சி வெயிலில் காயப்போடாமல் பூனைக்கு மட்டும் மருந்து ஊற்றினால் பணம் தண்டம்.

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு ஊற்றாதீர்கள். பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து சாகும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுப்பதும் அதே முடிவுதான். வேப்பெண்ணெய் பூசினாலும் நக்கித்தான் தீர்க்கும்.

28 ஜூலை | சாம்பல்வால்

பிராண்டும் கட்டை. சோபாவைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். 10 செ.மீ. விட்டமுள்ள கட்டை, சுற்றும் பகுதி 60 செ.மீ., 8 மி.மீ. சணல் கயிறு. 60-ஐ 0.8-ஆல் வகுத்தால் 75 சுற்று, சுற்றுக்கு 31.4 செ.மீ., ஆக 23.5 மீட்டர். ஃபெவிகால் தடவி இறுக்கிச் சுற்றுங்கள், ஆணி தலைகள் நகத்தில் மாட்டும். அடிப்பலகை 40-க்கு 40. ஆடினால் ஒரு முறை தொட்டுவிட்டு மறுபடி சோபாவுக்கே போகும்.

29 ஜூலை | கடலோரம்

கயிறு குறைகிறது.

29 ஜூலை | சாம்பல்வால்

என் தப்பு. கயிற்றின் கனத்தைச் சேர்க்கவில்லை. விட்டம் 10.8 என்று எடுத்தால் சுற்றுக்கு 33.9, மொத்தம் 25.4 மீட்டர். முடிச்சுக்கும் சேர்த்து 27 வாங்குங்கள். கயிறு வாங்க மனமில்லை என்றால் கோணிப்பையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாலும் ஆறு மாதம் ஓடும்.

21 செப்டம்பர் | மருந்துச்சீட்டு

வரும் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினம். அதையொட்டிப் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுவார்கள். விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக தினமான ஜூலை 6-ஐயொட்டியும் இப்படி முகாம் நடக்கும், இந்த இழையில் சொல்ல மறந்துவிட்டேன். பன்னிரண்டு வாரம் முடிந்த எந்தப் பூனையையும் கொண்டுபோகலாம். நாய்கள் வரிசையில் நிற்கும் என்பதால் பூனையைக் கையில் தூக்கிப் போகாதீர்கள். துணிக்கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துக் கேபிள் டை போட்டால் கூண்டு, மேலே ஒரு துண்டு. மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடும் பூனைத் தடுப்பூசி இலவச முகாமில் கிடைக்காது, குட்டிக்கு எட்டு வாரத்தில் தொடங்கி அதைக் காசு கொடுத்தே போட வேண்டும். அட்டையில் தேதி எழுதி வாங்குங்கள். அட்டை தொலைந்தால் முதலிலிருந்து போடச் சொல்வார்கள்.

19 அக்டோபர் | சாம்பல்வால்

மழை தொடங்கிவிட்டது. நார்த்தூளுக்கு மாறியவர்கள் கவனிக்க: இனி மாடியில் காயாது. ஈரத்தூளை மூட்டையில் கட்டினால் நாலு நாளில் வெள்ளைப் பூஞ்சை, பூனைக்குத் தும்மல். டிசம்பர் வரை களிமண் மணலுக்கே திரும்பலாம், அல்லது கிழித்த செய்தித்தாளை அடியில் இரண்டு செ.மீ. போட்டு மேலே காய்ந்த தூள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றல். திறந்த தீனிப் பையும் நமுத்துப்போகும், சின்னப் பையாக வாங்குங்கள். எறும்பு அகழிக்கு மட்டும் இப்போது பஞ்சமில்லை.